ஜோகன்னஸ்பர்க் குளிரில் பறக்கும் முடியை அடக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் என்ற உயரமான பீடபூமிப் பகுதியில் குளிர்காலம் என்றால் மழையே இல்லாத காலம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையெல்லாம் அக்டோபரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இடியோடு கொட்டித் தீர்த்துவிடும். மே மாதத்திலிருந்து வானம் பளிச்சென்று இருக்கும், காற்று காய்ந்துபோயிருக்கும். ஊரில் ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் இங்கே காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும். மதியத்தில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம்.

இந்த நாட்களில்தான் முடி சொன்ன பேச்சைக் கேட்காது. சீப்பு வைத்தால் சீப்போடு எழும்பும். ஜெர்சியைத் தலைவழியாகக் கழற்றினால் படபடவென்று சத்தம் வரும், முடி நாலா பக்கமும் விறைத்து நிற்கும். கார் கதவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடிக்கும். டர்பனிலிருந்து இங்கே வரும் சொந்தக்காரர்களுக்கு இது இன்னும் புதிராக இருக்கும். அங்கே குளிர்காலத்திலும் கடல் காற்றில் ஈரம் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. உள்நாட்டிலிருந்து வறண்ட பெர்க் காற்று இறங்கும் நாட்களில் மட்டும் அவர்களும் கொஞ்சம் அனுபவிப்பார்கள். கேப் டவுனில் குளிர்காலம்தான் மழைக்காலம் என்பதால் அங்கே இது பெரிய விஷயமில்லை. ஆக, இந்த வழிகாட்டி முக்கியமாக ஜோகன்னஸ்பர்க், லெனேசியா, பிரிட்டோரியா, லாடியம், புளூம்ஃபான்டெய்ன் பக்கம் இருப்பவர்களுக்கும், குளிர்காலத்தில் இங்கே வந்து போகிறவர்களுக்கும்.

நம் வீடுகளில் முடிக்கு என்ன பிரச்சினை வந்தாலும் முதலில் கை எண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகும். இந்த விஷயத்தில் எண்ணெய் துணைக்கு வரும், அவ்வளவுதான். உண்மையில் தேவைப்படுவது இரண்டு: முடிமேல் உராய்வைக் குறைப்பது, முடியைச் சுற்றிக் கொஞ்சம் ஈரத்தைத் தக்கவைப்பது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்வதுதான்.

முடி ஏன் பறக்கிறது?

இரண்டு பொருட்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் தாவும். முடி எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் பொருள். பிளாஸ்டிக், பாலியஸ்டர், ரப்பர் போன்றவை பிடித்து வைத்துக்கொள்ளும் பொருட்கள். பிளாஸ்டிக் சீப்பால் வாரியதும் முடி பெரும்பாலும் நேர்மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. எல்லா இழைகளிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. எதிர் மின்னூட்டம் உள்ள சீப்பு மட்டும் அவற்றை இழுக்கிறது.

இது சென்னையிலும் நடக்கிறது, டர்பனிலும் நடக்கிறது. ஆனால் ஈரக்காற்றில் முடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று இருக்கும். மின்னூட்டம் அந்த வழியாகக் கசிந்து போய்விடும். காற்று காய்ந்தால் அந்த வழி அடைபடும், மின்னூட்டம் முடியிலேயே தங்கிவிடும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகும்போது தொல்லை தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

காற்றின் ஈரத்துக்கு ஏற்ப முடி நீளும், சுருங்கும். 1783-இல் சோசூர் என்ற சுவிஸ் அறிவியலாளர் மனித முடியை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி செய்தார். வானிலை மாறுவதை நம் முடி நமக்கு முன்பே உணர்ந்துவிடுகிறது என்பது வெறும் பேச்சில்லை.

ஹீட்டர் போட்டால் நிலைமை ஏன் மோசமாகிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். வெளியே 5 டிகிரி குளிர், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடானால், அதிலுள்ள நீர் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் சூடான காற்றுக்கு அதிக நீரைத் தாங்கும் திறன் இருப்பதால் ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதவீதமாகிவிடுகிறது. காலை 7 மணிக்கு ஹீட்டர் பக்கத்தில் நின்று தலை வாரும் பிள்ளைகளின் முடி ஏன் அப்படி எழும்புகிறது என்பதற்கு விடை இதுதான்.

முதல் படி: எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

பறக்கும் முடியெல்லாம் மின்னூட்டத்தால் பறப்பதில்லை. மூன்று வகை உண்டு, மருந்து வேறு வேறு.

உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பறக்கும் முடிமேல் மெதுவாகத் தடவுங்கள். உடனே படிந்து, மறுபடி வாரும்போதோ ஜெர்சி போடும்போதோ எழும்பினால் அது மின்னூட்டம். இந்த வழிகாட்டி முழுக்க உங்களுக்குத்தான்.

தண்ணீர் காய்ந்ததும் யாரும் தொடாமலே அதே இடத்தில் குட்டையாக விறைத்து நின்றால், வெளிச்சத்தில் அந்த இழைகளின் நுனியைப் பாருங்கள். நுனி மொட்டையாகவோ பிளந்தோ இருந்தால் அது உடைந்த முடி. இறுக்கமான ரப்பர் பேண்டு, ஸ்ட்ரெய்ட்னர், பிளீச் இவற்றின் வேலை. நுனி மெலிந்து கூராக இருந்தால் புதிதாக முளைக்கும் முடி. பிரசவத்துக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்தோ, கடுமையான காய்ச்சலுக்குப் பிறகோ நிறைய முடி கொட்டி, பிறகு ஒரே சமயத்தில் முளைத்து நெற்றியோரம் குட்டை முடியாக நிற்கும். இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும், பொறுத்திருந்தால் சரியாகிவிடும். அதைத் தேய்த்துத் தேய்த்துப் படிய வைக்கப் போனால் புது முடியும் உடையும்.

உடைந்த முடி, புது முடி இரண்டையுமே மின்னூட்டம் இன்னும் அதிகமாகத் தூக்கி நிறுத்தும். அதனால் அந்த வகை முடி உள்ளவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

இரண்டாம் படி: சீப்பை மாற்றுங்கள்

குறைந்த செலவில் உடனே பலன் தெரிவது இதில்தான். பிளாஸ்டிக் சீப்பையும், ரப்பர் மெத்தையில் நைலான் முள் வைத்த பிரஷையும் குளிர்காலம் முடியும்வரை எடுத்து வைத்துவிடுங்கள்.

மரச்சீப்பு நல்லது. இந்தியாவிலிருந்து வருபவர்களிடம் ஒரு வேப்பமரச் சீப்பு வாங்கி வரச் சொல்லுங்கள். பல் வழவழப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சிலாம்பு இருந்தால் அது முடியைக் கிழிக்கும். உலோகச் சீப்பு மின்னூட்டத்தைத் தேக்கி வைக்காது, பிடித்திருக்கும் கை வழியாகவே கடத்திவிடும். பல்லின் நுனி கூராக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும். சலூன்களில் பயன்படுத்தும் கறுப்பு கார்பன் சீப்பும் மின்சாரத்தைக் கடத்தும் வகைதான். முடி மெல்லியதாக இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எதை வைத்து வாருகிறோம் என்பது பாதி, எப்படி வாருகிறோம் என்பது மீதி. நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போங்கள். வேகமாக நூறு முறை வாரினால் முடி மினுங்கும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஹைவெல்ட் குளிரில் அப்படிச் செய்தால் ஒவ்வொரு இழுப்பும் மின்னூட்டத்தைக் கூட்டும். சிக்கெடுக்கத் தேவையான அளவு மெதுவாக வாரினால் போதும். வாரி முடித்ததும் ஈரக்கையால் ஒருமுறை மேலிருந்து கீழாகத் தடவிவிடுங்கள்.

சீப்பை வாரம் ஒருமுறை ஷாம்பூ தண்ணீரில் கழுவுங்கள். ஆகஸ்ட் காற்றில் பழைய தங்கச் சுரங்க மண்மேடுகளிலிருந்து பறக்கும் தூசி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். அந்த அழுக்குச் சீப்பு முடிமேல் சொரசொரவென்று போகும்.

மூன்றாம் படி: குளிப்பதும் கண்டிஷனரும்

இங்கேதான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். ஷாம்பூ போட்டால் போதும், கண்டிஷனர் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், நமக்குத்தான் எண்ணெய் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. பறக்கும் முடிக்கு கண்டிஷனரைவிடச் சரியான மருந்து வேறு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல ஆரோக்கியமான முடியின் வெளிப்புறச் செதில்கள்மேல் இயற்கையான மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போக அதுதான் உதவுகிறது. வெயில், பிளீச், சாயம், கெமிக்கல் ஸ்ட்ரெய்ட்னிங் எல்லாம் அந்தப் படலத்தை அரித்துவிடும். பிறகு முடியின் மேற்பரப்பு சொரசொரப்பாகி, தண்ணீரில் நனைந்திருக்கும்போது எதிர்மின்னூட்டம் கொண்ட இடங்கள் நிறைய வெளிப்படும். கண்டிஷனரில் உள்ள முக்கியப் பொருட்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை. அவை சேதமான இடங்களில் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் முழுதாகப் போகாது. அங்கே ஒரு வழவழப்பான படலமாகத் தங்கி உராய்வைக் குறைக்கின்றன. சீப்பு பட்டாலும் மின்னூட்டம் அதிகம் சேராது, சேர்ந்ததும் தங்காது.

அதனால் புட்டியின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும் வாக்குறுதிகளை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். முதல் ஐந்தாறு பொருட்களுக்குள் பெஹன்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு, ஸ்டியரமிடோபுரொபில் டைமெத்திலமின் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். கூடவே செட்டில் ஆல்கஹால் அல்லது செட்டியரில் ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இவை முடியை மென்மையாக்கும் கொழுப்பு வகைகள். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் போன்ற சிலிகோன்களும் உராய்வைக் குறைக்க நன்றாக வேலை செய்யும். கிளிக்ஸ், டிஸ்-கெம் கடைகளில் இருக்கும் மலிவான கண்டிஷனர்களிலேயே இவை உண்டு. விலையைப் பார்த்து வாங்காதீர்கள், பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

போடும் முறை இது. வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை நனையுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இருக்கும் கொழுப்பும் கரைந்து போகும். ஷாம்பூவை மண்டைத் தோலில் மட்டும் தேய்த்து, நுரை வழிந்து நுனிக்கு வந்தால் போதும் என்று விடுங்கள். அலசியதும் முடியிலுள்ள தண்ணீரை ஒருமுறை பிழிந்துவிட்டு, காதுக்குக் கீழேயுள்ள முடியில் கண்டிஷனரைத் தடவுங்கள். இடுப்புவரை முடி இருப்பவர்கள் தாராளமாக எடுக்க வேண்டும். இரண்டு விரலால் கொஞ்சமாகத் தொட்டுத் தடவினால் எதுவும் நடக்காது. இரண்டு, மூன்று நிமிடம் விட்டு, அகலப்பல் சீப்பால் அந்த வழவழப்பிலேயே சிக்கெடுத்துவிட்டால் காய்ந்த பிறகு வாரும் வேலை பாதியாகக் குறையும். பிறகு அலசுங்கள். முடி வழுக்கும் உணர்வு கொஞ்சம் மீதியிருக்கட்டும்.

குளிர்காலத்தில் தினமும் தலைக்குக் குளிக்கத் தேவையில்லை. வாரம் இரண்டு முறை பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஓடியாடி வியர்ப்பவர்கள் மூன்று முறை குளிக்கலாம்.

சீயக்காய் போடுகிறவர்களுக்கு

சீயக்காயை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் சீயக்காய் எண்ணெயை நன்றாக இழுக்கக்கூடியது, அரைத்த தூளின் துகள்கள் முடிக்குள் சிக்கினால் உராய்வும் கூடும். தூளை அப்படியே குழைத்துப் போடாமல், தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள். முந்தின இரவு ஒரு மேசைக்கரண்டி வெந்தயம் ஊறவைத்து, அரைத்து, அந்தக் கொழகொழப்பை வடிகட்டிச் சேர்த்தால் முடி மெத்தென்று இருக்கும். டர்பன் பக்கம் செம்பருத்திச் செடி வீட்டிலேயே இருக்கும். அந்த இலையைக் கசக்கினாலும் இதே கொழகொழப்புக் கிடைக்கும். ஃபோர்ட்ஸ்பர்க், லெனேசியா கடைகளில் வெந்தயமும் சீயக்காயும் தாராளமாகக் கிடைக்கின்றன. இவ்வளவும் செய்த பிறகும் ஜூன், ஜூலையில் மட்டுமாவது கடைசியில் கொஞ்சம் கண்டிஷனர் போடுங்கள். வெந்தயம் வழவழப்பைத் தரும். கண்டிஷனர் மாதிரி முடியில் ஒட்டி நிற்காது.

எண்ணெய் எங்கே உதவும், எங்கே உதவாது

தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் என்பது 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில் காட்டப்பட்டது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் எண்ணெய்க்கும் அதே பலன் இல்லை. ஆக சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நல்ல பழக்கம்தான். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் இங்கே குளிர்காலம் முழுக்கப் புட்டிக்குள் கல்லாகத்தான் இருக்கும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்தால் இளகிவிடும். அடுப்பில் வைத்துப் புகைய விட வேண்டாம்.

குளித்து முடித்த பிறகு எண்ணெய் என்றால் இரண்டு சொட்டு, அதுவும் நுனிக்கு மட்டும். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, சேர்ந்த மின்னூட்டத்தை வெளியேற்ற அதனால் முடியாது. அது செய்வது இழைகளை வழுக்க வைப்பதும், கனத்தால் படிய வைப்பதும்தான். வழிய வழியத் தடவினால் முடி படியும், உண்மைதான். ஆனால் தூசி ஒட்டும், தலையணை பிசுக்காகும், இரண்டு நாளில் மறுபடி ஷாம்பூ போட வேண்டியிருக்கும், அது முடியை இன்னும் காயவைக்கும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்க அவதிப்படுகிறவர்கள் அநேகம்.

நான்காம் படி: காயவைப்பது

துண்டால் பரபரவென்று தேய்க்காதீர்கள். பழைய பருத்திச் சட்டையால் முடியைச் சுற்றி அழுத்திப் பிழிந்தால் போதும். முடி இன்னும் ஈரமாக இருக்கும்போதே லீவ்-இன் கண்டிஷனர், அதாவது அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் வகை, கொஞ்சம் தடவிவிட வேண்டும். தோள்வரை முடிக்கு கடலைப்பருப்பு அளவு, இடுப்புவரை முடிக்கு அதைப்போல மூன்று மடங்கு. கிளிசரினை முக்கியமாக வைத்துச் செய்த லீவ்-இன் வகைகள் டர்பனில் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரமே இல்லாத இடத்தில் கிளிசரினுக்கு இழுக்க ஒன்றுமில்லை என்பதால் இங்கே பலன் குறைவு.

காற்றிலேயே காயவிட முடிந்தால் அதுவே மேல். காலையில் 3 டிகிரி குளிரில் அது நடக்காது என்பதும் தெரியும். வார நாட்களில் சாயங்காலமே தலைக்குக் குளித்துவிடுவது எளிது. ஹேர் டிரையர் போட்டாக வேண்டுமென்றால் அயனி வகை டிரையர் வாங்குங்கள். அது எதிர்மின் அயனிகளைக் காற்றோடு சேர்த்து அனுப்பி முடியின் நேர்மின்னூட்டத்தை ஈடுசெய்யும். முடிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காற்று வேரிலிருந்து நுனியை நோக்கிப் போகும்படி வையுங்கள், அப்போதுதான் செதில்கள் படியும். முழுக்கக் காயும்வரை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே நிறுத்திவிட்டுக் கடைசி அரை நிமிடம் குளிர்காற்று விடுங்கள்.

ஸ்ட்ரெய்ட்னர் பற்றி என் கருத்து கடுமையானதுதான். பறக்கும் முடியைப் படிய வைக்க தினமும் இரும்பு போடுகிறவர்கள் நாளைக்கு உடைந்த முடியைச் சம்பாதிக்கிறார்கள். விசேஷத்துக்கு மட்டும், 180 டிகிரிக்கு மேல் போகாமல், வெப்பத்திலிருந்து காக்கும் ஸ்பிரே அடித்துவிட்டுப் போடுங்கள்.

ஐந்தாம் படி: உடையும் படுக்கையும்

முடியோடு அதிக நேரம் உரசுவது சீப்பு இல்லை, துணி. குளிர்காலத்தில் நாம் போர்த்துவது பெரும்பாலும் அக்ரிலிக் ஜெர்சி, பாலியஸ்டர் ஃப்ளீஸ் போர்வை, பீனி தொப்பி. எல்லாமே மின்னூட்டத்தின் உற்பத்திக் கூடம்.

இதில் பைசா செலவில்லாத ஒரு மாற்றம் உண்டு: உடையை முழுதாக உடுத்தி முடித்த பிறகு தலை வாருங்கள். ஜெர்சி போடுவதற்கு முன்பே பின்னல் போட்டுவிட்டு, பிறகு அதைத் தலைவழியாக இழுப்பதால்தான் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளின் பின்னல் கேட்டுக்குப் போவதற்குள் கலைகிறது. முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகன் என்றால் இன்னும் நல்லது.

பீனிக்குள் பருத்தித் துணி ஒன்றை உள்பக்கமாகத் தைத்துவிடலாம், அல்லது மெல்லிய பருத்தி ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு அதன்மேல் பீனி போடலாம். தலைமுடிக்கு என்று விற்கும் சாட்டின் உறைகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றில் பெரும்பாலானவை பாலியஸ்டர். வழுக்குவதால் முடி உடைவது குறையும், சுருட்டை முடிக்காரர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மின்னூட்டத்தைப் பாலியஸ்டர் தீர்க்காது. அதற்குப் பருத்தியோ அசல் பட்டோதான் வேண்டும். வீட்டில் கிழிந்த பட்டுப்புடவை இருந்தால் அதிலிருந்து ஒரு தலையணை உறை தைத்துக்கொள்ளுங்கள், அருமையாக இருக்கும்.

தலையணை உறை, பீனி, ஸ்கார்ஃப் இவற்றைத் துவைக்கும்போது கடைசி அலசலில் ஸ்டா-சாஃப்ட் போன்ற துணி மென்மையாக்கி சேருங்கள். அதில் இருப்பதும் கண்டிஷனரில் உள்ளது போன்ற நேர்மின்னூட்டப் பொருள்தான். மண்டைத் தோல் அரிக்கும் பழக்கமுள்ளவர்கள் வாசனை இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரவில் முடியை விரித்துப் போட்டுத் தூங்காதீர்கள். தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, துணி சுற்றிய பேண்டால் கட்டுங்கள். ஃப்ளீஸ் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்துவது சுகம்தான், அதற்கு உள்ளே ஒரு பருத்தி விரிப்பைச் சேர்த்துக்கொண்டால் முடி தப்பிக்கும்.

ஆறாம் படி: வீட்டுக் காற்று

இங்கே வீடுகளில் மொத்த வீட்டையும் சூடாக்கும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. அறைக்கு அறை ஹீட்டர்தான். காற்றை ஊதும் ஹீட்டர் முகத்துக்கு நேரே வைத்தால் முடியும் தோலும் சீக்கிரம் காயும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் காற்றை ஊதாது, மெதுவாகச் சூடாக்கும். எதுவாக இருந்தாலும் தேவைக்கு மேல் சூடாக்க வேண்டாம், அறை சூடாகச் சூடாக ஈரப்பதம் இறங்கும். கேஸ் ஹீட்டர் எரியும்போது நீராவி வெளியே வருவதால் காற்று அவ்வளவு காயாது. ஆனால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரலாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்காமல் அதை எரிக்கக் கூடாது, அதோடு தூங்கவும் கூடாது.

ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள், விலை அதிகமில்லை. 40-லிருந்து 50 சதவீதம் இருந்தால் போதுமானது. 60-ஐத் தாண்டினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஹியூமிடிஃபையர் வாங்க முடிந்தால் வாங்குங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றி, தொட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். இல்லாவிட்டால் துவைத்த துணியை இரவில் அறைக்குள் கொடியில் காயப்போடுங்கள். ஹீட்டரிலிருந்து தள்ளியே இருக்கட்டும். ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் போதும் என்பார்கள். கிண்ணத்திலிருந்து ஆவியாகும் நீர் மிகக் குறைவு, ஒரு ஈரத் துண்டு அதைவிட எவ்வளவோ மேல்.

ஏழாம் படி: வெளியே இருக்கும்போது அவசரத்துக்கு

ஆபீஸில் மீட்டிங்குக்கு முன்பு முடி எழும்பிவிட்டது என்றால் முதலில் குழாய், கதவுக் கைப்பிடி போன்ற உலோகம் எதையாவது தொடுங்கள். உங்கள் உடம்பிலுள்ள மின்னூட்டம் இறங்கும். பிறகு கையை நனைத்து உதறிவிட்டு முடியைத் தடவுங்கள். கைக்குப் போடும் கிரீம் பையில் இருந்தால், கையில் தேய்த்த பிறகு மீதியிருக்கும் பிசுக்கை முடியின் மேல்பக்கமாக ஒற்றி எடுங்கள்.

பையில் வைத்துக்கொள்ள ஒரு ஸ்பிரேயை வீட்டிலேயே செய்யலாம். 200 மில்லி ஆறவைத்த கொதிநீரில் ஒரு தேக்கரண்டி கண்டிஷனர் கலந்து குலுக்கி, சின்ன ஸ்பிரே புட்டியில் ஊற்றுங்கள். மீதியை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். முடிமேல் நேராக அடிக்காமல் சீப்பில் அடித்து வாரினால் சீராகப் படியும். நெற்றியோரத்துக் குட்டை முடிக்கு ஹேர் ஸ்பிரேயைப் புதிய டூத்பிரஷில் அடித்துத் தடவலாம். ஹேர் ஸ்பிரே எளிதில் தீப்பிடிக்கும். கம்பி சிவக்கும் ஹீட்டர் பக்கத்தில் நின்று அடிக்காதீர்கள், கற்பூரத் தட்டை ஏந்தும் முன்பும் அடிக்காதீர்கள்.

துணி டிரையருக்குள் போடும் வாசனைத் தாளை முடிமேல் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதன் வாசனைப் பொருட்கள் துணிக்காகச் செய்தவை, தோலுக்காக இல்லை. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். அதுபோல பேக்கிங் சோடாவால் முடி கழுவச் சொல்வதையும் கேட்காதீர்கள். அது காரத்தன்மை உள்ளது. முடியின் இயல்பான பிஎச் (அமில-கார அளவு) சுமார் 3.7, அதாவது அமிலப் பக்கம் என்பதால் காரம் பட்டால் செதில்கள் விரியும், உராய்வு கூடும்.

ஆடிக் கூழ் விசேஷத்துக்குப் போகும்போது

கோயிலுக்கு அதிகாலையில் கிளம்ப வேண்டியிருக்கும், குளிரும் உச்சத்தில் இருக்கும். முந்தின நாள் மதியமே தலைக்குக் குளித்து, லீவ்-இன் தடவித் தளர்வாகப் பின்னிப் படுங்கள். காலையில் புடவை கட்டி முடித்த பிறகே பின்னலை அவிழ்த்து வாருங்கள். உள்பாவாடை பருத்தியில் இருந்தால் புடவை காலோடு ஒட்டாது, நடக்கும்போது மின்னூட்டமும் அதிகம் சேராது. சிந்தெடிக் புடவைக்கு இது இன்னும் முக்கியம். வாரும்போது சீப்பில் ஸ்பிரே அடித்துக்கொண்டு, முடி லேசாக ஈரமாக இருக்கும்போதே இறுக்கமில்லாமல் பின்னல் போட்டால் சாயங்காலம்வரை நிற்கும். மேலே சால்வை போர்த்துவதென்றால் பருத்தி அல்லது கம்பளி, அதுவும் பின்னலுக்குக் கீழே வரும்படி. பின்னலைச் சால்வைக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

சிலருக்கு மட்டும் சில வார்த்தைகள்

சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் வாரவே கூடாது. ஸ்பிரேயால் நனைத்து விரலால் பிரித்தாலே போதும். பிளீச், சாயம், கெமிக்கல் ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடிக்கு வாரம் ஒருமுறை கனமான கண்டிஷனரைப் பத்து நிமிடம் வைத்து அலசுங்கள். மெல்லிய முடிக்கு எண்ணெய் வேண்டாம், லேசான லீவ்-இன் மட்டும். நரைத்த முடி சிலருக்குச் சொரசொரப்பாக இருக்கும், அவர்களுக்குச் சிலிகோன் உள்ள சீரம் நன்றாகப் பொருந்தும். பறப்பதோடு சேர்த்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ, மண்டைத் தோல் செதில் செதிலாக உரிந்து சிவந்தாலோ இந்தப் படிகளோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் முடியைக் கொட்டவைக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க முடியாதவர்கள் சீப்பு, கண்டிஷனர், உடுத்திய பிறகு வாருவது ஆகிய மூன்றையும் இந்த வாரமே தொடங்குங்கள். தலையணை உறையும் அறையின் ஈரமும் அடுத்த வாரம் வரட்டும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ முதல் இடிமழை பெய்ததும் லீவ்-இன்னைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஈரக்காற்றில் அதே அளவு தடவினால் முடி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். மரச்சீப்பை மட்டும் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.